காப்புக் கட்டிய கடல்பறவை

என் உயிரான பாக்கியம் அக்காவுக்கு,

நலம் விசாரிக்க வழியில்லை. நாங்கள் இங்கே இருக்கிறோம். நம் வழக்கப்படி முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக் கடலோரத்தில் உட்கார்ந்து என் கடிதத்தைப் பிரிக்கும்போது நீ முதலில் தேடுவது அதைத்தானே.

மகள் வழிப் பேரன் ஹரி துபாய் போய்ச் சேர்ந்துவிட்டான். ஏசி வேலை. லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை விமானம் ஏறியதை இந்த எஸ்டேட்டில் நான்தான் முதலில் சொன்னேன், மற்றவர்கள் சொல்வதற்குள். மகன் வழிப் பேத்தி நிவேதா கோயம்புத்தூரில் நர்சிங் கடைசி வருடம். வகுப்பில் முதலாவது. வெள்ளை கோட்டு போட்டு அவள் எடுத்த படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அவள் அண்ணன் தினேஷ் கூடலூரில் வைத்த செல்போன் கடை நன்றாக ஓடுகிறது. இந்த வருடம் நம் மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டிக்கு அவன்தான் செயலாளர். நோட்டீசில் அவன் பெயர் தடித்த எழுத்தில் வந்தது. அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அவனுக்குக் கட்டபெட்டில் பெண் பார்த்து நிச்சயம் ஆகிவிட்டது. பெண் பள்ளிக்கூட டீச்சர். தை மாதம் அங்கேயே கல்யாணம்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. தினேஷின் படம் ஒன்று போனில் ஊர் ஊராகப் போயிருக்கிறது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் கைகூப்பிப் பதில் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் விலாசத்துக்குத் தபால் போகாது. அதனால் ஊர் படிக்கிற பத்திரிகைக்கு இதைக் கொடுத்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீ என்றைக்கும் பொறுத்துக்கொண்டாய்.

ஆடி மாதம் தேவர்சோலைப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த வருடம் அது கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் போட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் காப்புக் கட்டு. நானும் குளித்து ஈரச் சேலையோடு போய் நின்றேன்.

கோயில் வாசற்படிக்கு நேராக ஒரு பறவை கிடந்தது.

வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. கண்ணோரம் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. வாலிலிருந்து ரிப்பன் போல இரண்டு நீள இறகு, உடம்பை விட நீளம். அது நெஞ்சைத் தரையில் வைத்து, தாடையை மண்ணில் ஊன்றி, இரண்டு சிறகையும் பாதி விரித்துக் கிடந்தது. முகம் அம்மனைப் பார்த்து இருந்தது. அதுதான் அதற்குப் பிடித்த கேடு.

பூசாரி முருகையா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். "ஆத்தா! பாருங்கடி! கும்புடுது! பறவ வந்து விழுந்து கும்புடுது!"

குலவைச் சத்தம் அடுத்த லயம் வரைக்கும் கேட்டது. நானும் குலவை போட்டேன். பார்த்தால் அப்படித்தான் இருந்தது அக்கா.

ஒருவன் அதைத் தூக்கி நிற்க வைத்தான். அது மறுபடியும் முன்பக்கம் நெஞ்சு மோத விழுந்தது. "பாத்தியா, எந்திரிக்க மாட்டேங்குது, பக்தி!" என்றான். இன்னொருத்தி தூக்கி வைத்தாள். விழுந்தது. குலவை. பிந்தி வந்தவர்கள் நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களுக்காக ஒரு தடவை. தினேஷ் போனை எடுத்துக்கொண்டு வந்தான். "சரியா விழல, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைங்க" என்றான். அவனுக்காக இன்னும் சில தடவை. காலை முழுக்க அந்தப் பறவை கல் தரையில் கும்பிட்டுக்கொண்டே இருந்தது. நெஞ்சு இறகில் சிவப்புத் தெரிந்தபோது, யாரோ குங்குமம் என்றார்கள்.

காப்புக் கட்டும் நேரம் வந்தது. கம்பத்துக்குக் கட்டினார்கள், பூசாரிக்குக் கட்டினார்கள், விரதக்காரர்களுக்குக் கட்டினார்கள். எனக்கும் கட்டினார்கள். அப்போது தினேஷ் சொன்னான்: "ஆத்தா தேடி வந்த ஜீவனுக்கும் கட்டணும்ல?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மஞ்சள் கயிற்றை அதன் காலில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, மறுமுனையைச் சூலத்தில் கட்டினார்கள். கால் என்றா சொன்னேன்? என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. வாத்துக்கு இருப்பது போல விரல்களுக்கு நடுவே தோல். நம் பேரன் கை வேலை சுத்தம். முடிச்சு அவிழவில்லை.

பிறகு அபிஷேகம். அம்மனுக்கு ஊற்றியது போக மிச்சம் அதற்கு. மஞ்சள் தண்ணீர், பால், நல்லெண்ணெய். அந்தக் குளிர் காற்றில். அலகை விரித்துச் சங்கில் பால் புகட்டினார்கள். மூக்கு வழியாக வந்தது. கூழ் வைத்தார்கள். தொடவில்லை. "விரதம் இருக்குது" என்றார் முருகையா. ஒரு சின்னப் பெண் வால் இறகு ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அது வந்துவிட்டது. பறவை தகரத்தைக் கிழித்தது போலக் கத்தியது. பெண்ணின் அம்மா இறகைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். ஒருவரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. அடுத்தது தங்களுக்கு வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

சாயங்காலம் நிவேதா போனில் பேசினாள். அவள் அண்ணன் அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அப்பாயி, அது கும்புடல. அதுக்கு நிக்க வராது."

"கால் ஒடிஞ்சிருச்சா சாமி?"

"ஒடியல. அது கடல் பறவ. வாழ்நாள் பூரா கடல் மேலயே பறக்குமாம். முட்ட போட மட்டும்தான் கரைக்கு வருமாம். கால் பின்னால தள்ளி இருக்கு, உடம்பத் தாங்காது. புயல்ல தூக்கிட்டு வந்திருக்கு. தரையில வெச்சா நெஞ்சுல விழத்தான் செய்யும். அத விழுக விழுகத் தூக்கி வெச்சு வெளையாடுறாங்க, நீங்களும் அங்கதான் நிக்கிறீங்க!"

"இப்ப என்னா செய்யணும்?"

"கயித்த அவுத்து ஒரு அட்டப்பெட்டியில துணி போட்டு வைங்க. மேல தண்ணி ஊத்த வேண்டாம். ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்லுங்க. அது மீன்தான் திங்கும் அப்பாயி. மீன் குடுங்க."

கடல் பறவை. அக்கா, அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உன் குரல்தான் கேட்டது. மண்டபத்தில் பையன்கள் ஆலா என்கிற கடல் பறவையைப் பிடிக்கிற விதத்தை நீ எழுதியிருந்தாய். ஒன்றைத் தூண்டில் மீன் வைத்துப் பிடித்து, சிறகை ஒடித்து, மணலில் குச்சியில் கட்டிவைப்பார்கள். அது துடித்துக் கத்தும். அதன் கூட்டம் என்னவோ ஏதோ என்று மேலே வட்டமிட்டு இறங்கும். அப்போது வலை. நீ அரிவாள்மனையோடு போய்க் கயிற்றை அறுத்தாய் என்றும், பையன்கள் உன்னைக் கிறுக்கி என்று மணலை வாரி வீசினார்கள் என்றும் எழுதினாய். கருவாட்டுக் கடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவளுக்கு என்ன வேலை என்று நான் அப்போது சிரித்தேன்.

தினேஷிடம் போனேன். அவன் கோயில் மேடையில் மைக்செட் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அவுத்து விடு சாமி. அது கடல் பறவையாம்."

"காப்புக் கட்டியாச்சு அப்பாயி. ஞாயித்துக்கெழம அவுப்போம். அது வரைக்கும் எல்ல தாண்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"அது எல்ல தாண்டித்தானேடா வந்துச்சு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "கூடலூர்ல இருந்து, பந்தலூர்ல இருந்து சனம் வண்டி கட்டி வருது. இத்தன வருசத்துல நம்ம கோயில எவன் திரும்பிப் பாத்தான்? தோட்டக்காட்டான் சாமின்னு எளக்காரமா சொன்னவன்லாம் வரிசையில நிக்கிறான். பாருங்க, உங்க பேரன் செஞ்சது."

பார்த்தேன். வரிசை எஸ்டேட் ரோடு திரும்புகிற இடம் வரைக்கும் நின்றது. பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்கரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நம்மைத் தேடி யார் வந்திருக்கிறார்கள், நீ சொல்.

"சரி, மீனாவது குடுக்கலாமா?" என்றேன்.

மைக்செட் ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சரசு முகத்தில் கைவைத்துக்கொண்டாள். "காப்புக் கட்டுன கோயில்ல மீனா? ஏங்க்கா, ஒங்க அக்கா கருவாடு வித்த வாடை இன்னும் ஒங்கள விட்டுப் போகலியா?"

உன்னைச் சொன்னாள் அக்கா. செத்தவளை. வேறு நாளாக இருந்தால் அவள் முடி என் கையில் இருந்திருக்கும். காப்புக் கை என்பதால் திரும்பி வந்தேன்.

லயத்தில் யார் வீட்டிலும் மீன் இல்லை. காப்புக் கட்டினால் கவிச்சி சமைக்கக் கூடாது. கூடலூர் சந்தைக்குப் போய் வாங்கலாம் என்றால், கையில் காப்போடு எல்லை தாண்ட முடியாது. காப்புக் கட்டாத ஒருத்தரை அனுப்பலாம் என்றால், விஷயம் சொல்ல வேண்டும். ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்லவும் இதே கதைதான்.

பரண்மேல் உன் டின் இருந்தது. போன புரட்டாசியில் நீ கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு. அதற்கு அடுத்த மாதம் நீ போய்விட்டாய். அதை நான் சமைக்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். வீட்டில் எல்லோரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கோயிலில் அன்னதானம் நடந்தது. எல்லோரும் பந்தலில் இருந்தார்கள். வெந்நீரில் ஊறவைத்து உப்பைப் பிழிந்த நெத்திலியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பறவை சூலத்தடியில் கிடந்தது. எண்ணெயில் ஊறிப்போய் இறகெல்லாம் ஒட்டி, பாதி உடம்பாகத் தெரிந்தது. இரண்டாவது வால் இறகும் இல்லை. அது அம்மன் கிரீடத்தில் செருகியிருந்தது. கயிறு கட்டிய காலில் தோல் உரிந்து, கயிறு உள்ளே போயிருந்தது.

அலகுக்கு முன்னால் ஒரு நெத்திலியை நீட்டினேன். அசையவில்லை. அலகின் ஓரத்தில் தடவினேன். உன் கடல் வாடை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தது. வாயைத் திறந்து வாங்கி, தலையை மேலே ஆட்டி விழுங்கியது. என் விரலைப் பார்த்தது, இன்னும் இருக்கிறதா என்று.

இருந்தது அக்கா. முந்தானை நிறைய இருந்தது. இரண்டாவதை எடுக்கும்போது சரசு பார்த்துவிட்டாள்.

"மீனு! கோயிலுக்குள்ள மீனு!"

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் உனக்கு நான் எதை மறைத்தேன்? முந்தானையைப் பிடித்து உதறினார்கள். நெத்திலியைக் காலால் தேய்த்தார்கள். பூசாரி முருகையா என்னை வெளியே போகச் சொன்னார். சின்ன வயதில் என் கையில் சோறு வாங்கித் தின்றவர். பிறகு தீட்டுக் கழிக்க வேண்டும் என்றார்கள். வாசற்படியைக் கழுவினார்கள். சூலத்தைக் கழுவினார்கள். மீன் தின்ற அலகைத் திறந்து உள்ளே மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பறவை மேல் குடம் குடமாக ஊற்றினார்கள். அதைக் கடல் மேலேயே வாழ்கிற பறவை என்றாளே நிவேதா? கடல் அதை நனைத்ததில்லையாம். அதன் இறகில் எண்ணெய் போல ஒரு பூச்சு இருக்குமாம். நாங்கள் ஊற்றியதில் அது போய்விட்டது. நனையாத பறவையை நனைத்துவிட்டோம். அது நடுங்குவதைப் பார்த்து, "சாமி வந்துருச்சு" என்றார்கள். உடுக்கை அடித்தார்கள்.

நான் கொடுத்த ஒரு நெத்திலிக்கு அது பட்ட பாடு அது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனேன். வாசற்படியைத் தாண்டவில்லை, வெளியிலேயே நின்றேன். பறவை கழுத்தை மடித்துக் கிடந்தது. கண்ணுக்கு மேல் எறும்பு ஊர்ந்தது. அது இமைக்கவில்லை. தினேஷும் பூசாரியும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா செய்றது இப்போ?" என்றார் முருகையா. "சப்பரம் கெளம்ப சனம் வந்துரும். பறவ செத்துப்போச்சுன்னா அபசகுனம்னு சொல்லுவானுக."

தினேஷ் அந்த எறும்பை விரலால் தட்டிவிட்டான். அப்புறம், "செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

கோயில் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவினார்கள். சிறகை விரித்து, ஈர்க்கை இறகுக்கு அடியில் கொடுத்து, நூலால் கட்டினார்கள். கழுத்து தொங்காமல் ஒரு மூங்கில் சிம்பு. நெற்றியில் புதிதாகக் குங்குமம். அவன் என்னைப் பார்த்தான். நான் வாசலில் நிற்பது அவனுக்குத் தெரியும்.

"அப்பாயி, வீட்டுக்குப் போங்க."

"உயிரோட இருக்கைல நீ அதப் படுத்துன பாடு போதாதாடா?"

"செத்தது செத்துப்போச்சு. சனம் பாக்கட்டும். ஒரு நாள்தானே?"

சப்பரத்தின் முன்பக்கம், அம்மனுக்குக் கீழே, சிறகு விரித்து அதைக் கட்டினார்கள். மேளம் போனது. வரிசையில் நின்றவர்கள் அதன் சிறகைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொட்டவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கு ஒரு இறகு. லயம் சுற்றி வருவதற்குள் ஒரு பக்கச் சிறகில் எலும்பு தெரிந்தது. அந்தப் பக்கம் மாலையைப் போட்டு மறைத்தார்கள். தினேஷ் சப்பரத்தின் மேல் ஏறி, நல்ல பக்கத்துச் சிறகுக்குக் கீழே தலையை வைத்துச் சிரித்தான். பறவை அவனை ஆசீர்வாதம் செய்வது போல. அதுதான் அந்தப் படம். இப்போது எஸ்டேட் முக்கில் பேனராக நிற்கிறது. அவன் கடை ஷட்டரில் ஒட்டியிருக்கிறது. சம்பந்தி வீட்டார் கட்டபெட்டில் எல்லோருக்கும் காட்டுகிறார்களாம். அம்மனைக் கும்பிட வந்த தெய்வப் பறவை என்று எழுதியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பஸ்ஸில் வந்து இறங்கிய நிவேதா போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அப்பாயி, இந்தப் படத்துல அதுக்கு உயிரே இல்லல்ல?"

அன்றைக்குக் காப்பு அவிழ்த்தார்கள். முருகையா வரிசையாக அவிழ்த்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை. "அந்தப் பறவைக்கு அவுத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவிழ்க்கவில்லை அக்கா. காலில் கயிற்றோடுதான் அதை அரளிச் செடிக்கடியில் புதைத்தார்கள்.

திங்கள்கிழமை வனத்துறை ஆள் ஒருவர் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பறவை எங்கே, அதற்குத் தரையில் நிற்க முடியாதே என்று மலையாளம் கலந்து பேசினார். "ஆ பட்சி எவிடே? கடல் பட்சியாணு அது. தரையில நிக்கான் கழியில்லா."

கமிட்டிக்காரர்கள் எல்லோரும் தினேஷைப் பார்த்தார்கள். தினேஷ் நல்ல சட்டை போட்டிருந்தான். "பறந்துருச்சு சார். சப்பரம் முடிஞ்சதும் காப்ப அவுத்தோம், ஆத்தாள மூணு சுத்து சுத்திட்டு அப்டியே மேற்க பறந்து போயிருச்சு. எல்லாரும் பாத்தோம்."

எல்லோரும் பார்த்தோம் என்றார்கள். சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பறப்பதைக் கையால் காட்டினாள்.

அந்த ஆள் என் பக்கம் திரும்பினார். வயதானவள் என்பதால் இருக்கலாம். கையில் காப்பு இருந்ததால் இருக்கலாம். "அம்மே, பறந்நு போயோ?"

அக்கா, என் பேரன் பெயர் நோட்டீசில் தடித்த எழுத்தில் இருந்தது. தை மாதம் கல்யாணம். அவன் என்னையே பார்த்தான். சின்ன வயதில் பால்பல் விழுந்தபோது பார்த்தானே, அப்படி.

"பறக்கல தம்பி," என்றேன். "அரளிச் செடிக்குக் கீழ இருக்கு. வாங்க, காட்டுறேன்."

தோண்டி எடுத்துக் கொழுந்துச் சாக்கின்மேல் போட்டார்கள். வெள்ளையாக வந்தது மஞ்சளாகக் கிடந்தது. வால் இருந்த இடத்தில் இரண்டு புண். ஒரு பக்கம் எலும்பும் ஈர்க்கும். நெஞ்சில் கல் தேய்த்த காயம். காலில் மஞ்சள் கயிறு. மூன்று முடிச்சும் அப்படியே. நிவேதா அதைத் தன் போனில் ஒரு படம் எடுத்தாள். அந்த ஆள் பெயர்களை எழுதிக்கொண்டு, பறவையைச் சாக்கோடு எடுத்துக்கொண்டு போனார். பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேரனைக் காட்டிக்கொடுத்தவள். குழாயடியில் என் குடத்துக்கு முன்னால் எல்லார் குடமும் நிறைகிறது. தினேஷ் வீட்டுக்கு வருவதில்லை. கடையிலேயே படுக்கை. ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனான். "ஒரு செத்த பறவைக்காக உசுரோட இருக்கிற பேரன விட்டுட்டீங்கல்ல அப்பாயி?"

நான் விட்டேனா அக்கா? அவன் முகம் இன்னும் அந்தச் சிறகுக்குக் கீழே சிரித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் புதிதாக யாரோ கைகூப்பிப் பதில் போடுகிறார்கள். நாளைக்கு இன்னொரு ஊரில், இன்னொரு காற்றில், இன்னொன்று வந்து விழும். அங்கேயும் இந்தப் படத்தைப் பார்த்தவன் ஒருவன் இருப்பான். தூக்கித் தூக்கி நிற்க வைத்துப் பார்ப்பான். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மணலில் சிறகு ஒடித்துக் கட்டிவைத்த ஆலாவைப் பார்த்து மற்றதெல்லாம் இறங்கியது என்று எழுதினாயே, அந்தப் படம் அது போலத்தான் அக்கா. ஆட்களை இறக்குகிறது.

ஐப்பசியில் உனக்கு வருடத் திதி. வருவேன் என்று உன் மகள் ராணியிடம் சொல்லியிருந்தேன். வர முடியாது. காப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. மஞ்சள் போய் அழுக்குக் கயிறாகிவிட்டது. காப்போடு எல்லை தாண்டக் கூடாது என்பது இந்த ஊர் சட்டம். அதைச் சொல்லித்தானே ஒன்றைக் கட்டிப்போட்டுக் கொன்றார்கள்? எனக்கும் அதே சட்டம் இருக்கட்டும். தேவர்சோலை தாண்ட மாட்டேன். மண்டபத்துக்கு வர மாட்டேன். தை மாதம் கட்டபெட்டுக்கும் போக மாட்டேன். மணமேடையில் அப்பாயி எங்கே என்று சம்பந்தி கேட்டால், காப்புக் கட்டியிருக்கிறாள் என்று தினேஷே சொல்லிக்கொள்ளட்டும்.

அவிழ்க்கிற வழியையும் அவனுக்குச் சொல்லிவிட்டேன். நிவேதா எடுத்த படத்தை அனுப்பியாயிற்று. அதை அவன் தன் பெயரில், தன் பக்கத்தில், அந்தச் சிரித்த படம் இருக்கிற இடத்திலேயே போட வேண்டும். கும்பிடவில்லை, நிற்க முடியாமல் விழுந்தது என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான். அவன் போட்ட முடிச்சு. அவன்தான் அவிழ்க்க வேண்டும்.

அவன் அவிழ்த்த மறுநாள் நான் பஸ் ஏறுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. உன் டின்னில் மிச்சம் இருக்கிற நெத்திலியையும் கொண்டுவருவேன். நீ ஆலாக்களுக்காக மணல் வீச்சு வாங்கிய அதே கரையில் நின்று, இந்தக் கயிற்றைக் கடலில் விட்டுவிட்டு, டின்னைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். திதிக்குப் பிந்தி வந்தாலும் நீ கோபிக்க மாட்டாய்.

நம் கடிதத்துக்கெல்லாம் கடைசி வரி ஒன்றுதான், தபாலில் போட்டோ கேட்கிற வரி. இத்தனை வருடமும் நீ எனக்கு எழுதினாய், நான் உனக்கு எழுதினேன். இந்த முறை உன்னிடம் கேட்டால் கிடைக்காது. அதனால் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறேன். நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்.

தினேஷ், என் தங்கமே, புதுப் போட்டோ ஒன்று போடு.

இப்படிக்கு,
காப்புக் கையோடு,
உன் கூடப்பிறந்தவள் செல்லம்மா